பின் மட்கார்டை எடுத்துட்டு நம்பர் பிளேட்டை மேல ஏத்துறது: பிராக்கெட், எல்ஈடி விளக்கு, வயரிங்

தண்டையார்பேட்டை_150

வண்டி 2015 மாடல் ஹோண்டா, 150 சிசி. பின்னாடி வால் மாதிரி நீட்டிக்கிட்டு இருக்குற பிளாஸ்டிக் மட்கார்டை எடுத்துட்டு, நம்பர் பிளேட் டெயில் லைட்டுக்கு நேர் கீழே வர்ற மாதிரி சின்ன பிராக்கெட்ல மாட்டணும். ஆன்லைன்ல டெயில் டைடி (இந்த வேலைக்குன்னு ரெடிமேடா வர்ற பிராக்கெட்) தேடினா என் மாடலுக்குன்னு எதுவும் இல்ல, "யுனிவர்சல்"னு விக்கிறதுதான் வருது. அதுக்கு லோக்கல்லயே தகடு வெட்டிக்கலாம்னு யோசனை.

இப்ப இருக்குறது: டெயில் லைட்ல 21/5 வாட் ரெட்டை இழை பல்பு, இண்டிகேட்டர் நாலும் 10 வாட் பல்பு. டெயில் லைட்டையும் பின் இண்டிகேட்டர் ரெண்டையும் எல்ஈடி ஆக்கணும். முன்னாடி இருக்குறதை இப்போதைக்குத் தொடல.

தெரிய வேண்டியது:
தகடு அலுமினியமா, எஸ்எஸ்ஸா (ஸ்டெயின்லெஸ் ஸ்டீல்), எத்தனை எம்எம்?
இண்டிகேட்டர் படபடன்னு வேகமா அடிக்குமாமே, அதுக்கு ஃப்ளாஷர் (இண்டிகேட்டரை மினுக்க வைக்கிற சின்ன டப்பா) மாத்தணுமா, ரெசிஸ்டர் போதுமா?
பிளேட்டுக்குத் தனி லைட் கட்டாயமா?
ஷோ வண்டி இல்ல, தினமும் எண்ணூர் விரைவு சாலையில கன்டெய்னர் லாரிக்கு நடுவுல ஓடுற வண்டி. மழை, புழுதி, உப்புக்காத்து எல்லாத்தையும் தாங்கணும். போலீஸ் நிறுத்துனா பதில் சொல்ற மாதிரியும் இருக்கணும்.

---

ஸ்பேனர்_பத்து

தகடு வாங்குறதுக்கு முன்னாடி ஒரு அளவு எடுங்க ப்ரோ. பின் சக்கரம் முழுசா மேல ஏறினா டயருக்கும் பிராக்கெட்டுக்கும் நடுவுல எவ்வளவு இடம் மிச்சம்? இதைப் பார்க்காம மாட்டினா மொத ஸ்பீட் பிரேக்கர்லயே டயர் பிளேட்டைக் கடிக்கும், இல்லன்னா வயரை அறுக்கும். நின்ன இடத்துல சீட்டை அமுக்கிப் பார்க்குறது கணக்கே இல்ல. அதுல ஷாக் பாதி கூட இறங்காது.

சரியான வழி, சென்டர் ஸ்டாண்ட் போட்டு ஷாக்கைக் கழட்டிட்டு சக்கரத்தைக் கையால தூக்கிப் பார்க்குறது. ரெட்டை ஷாக்னா கீழ் போல்ட் ரெண்டையும் எடுத்தா போதும். மோனோ ஷாக்கைக் கழட்ட சோம்பலா இருந்தா ராட்செட் பெல்ட் ஒண்ணைக் கிராப் ரெயில்லயும் ஸ்விங் ஆர்ம்லயும் மாட்டி, ரெண்டு பேர் உட்கார்ந்துக்கிட்டு கொஞ்சம் கொஞ்சமா இறுக்குங்க. அந்த நிலையில டயருக்கும் மேல இருக்குற போல்ட் தலை, வயர், தகடு எல்லாத்துக்கும் குறைஞ்சது 25 எம்எம் விடணும். 30 கிடைச்சா நல்லது.

அளக்கும்போது ரெண்டு விஷயத்தைக் கூட்டிக்கங்க. செயின் தளர்ந்து அட்ஜஸ்டரைப் பின்னாடி இழுக்க இழுக்க சக்கரமும் பின்னாடி வரும், அதனால அட்ஜஸ்டர் கடைசிப் புள்ளியில இருக்குற மாதிரி வெச்சு அளக்கணும். அடுத்தது டயர் சைஸ். 100/90-18 இருக்குற இடத்துல நாளைக்கு 110/90-18 போட்டா ஆரமே 9 எம்எம் கூடிடும், நீங்க விட்ட 25ல மூணுல ஒரு பங்குக்கு மேல அதுலயே காலி.

மாட்டின பிறகும் ஒரு சோதனை பண்ணுங்க. பிராக்கெட் அடியில விரல் கனத்துக்குக் களிமண் உருண்டை ஒட்டி, பின்னாடி ஆளை ஏத்திக்கிட்டு நாலு பள்ளத்துல ஓட்டிட்டு வாங்க. களிமண் நசுங்கியிருந்தா பிராக்கெட்டை மேல தூக்கணும்.

மட்கார்டு: நிறைய வண்டியில உள் மட்கார்டும் வெளி வாலும் ரெண்டு துண்டா இருக்கும். அப்படின்னா வாலை மட்டும் கழட்டினா வேலை முடிஞ்சது. ஒரே துண்டா இருந்தா மொத்தமா எடுத்துடாதீங்க. அதுலதான் வயரிங் கிளிப், டூல் கிட் தட்டு, பல வண்டியில பேட்டரி பாக்ஸுக்கு மறைப்பு எல்லாம் இருக்கும். எடுத்துட்டா சக்கரம் வாரி அடிக்கிற தண்ணி நேரா சீட்டுக்கு அடியில போகும். புதுப்பேட்டையில அதே மாடல் பழைய மட்கார்டு ஒண்ணு வாங்கி அதை வெட்டுங்க, ஒரிஜினல் அப்படியே இருக்கட்டும். டெயில் லைட் போல்ட்டுக்குப் பின்னாடி 20 எம்எம் விட்டு மாஸ்கிங் டேப் ஒட்டிக் கோடு போட்டு, ஹேக்ஸா பிளேடால அறுத்து உப்புத்தாள் போட்டுத் தேய்ச்சா ஓரம் நேரா வரும். கிரைண்டர் வேண்டாம், பிளாஸ்டிக் உருகி ஓரத்துல சுருண்டுக்கும்.

தகடு: 2 எம்எம் எஸ்எஸ் 304, இல்லன்னா 3 எம்எம் அலுமினியம். அலுமினியத்துல எந்த ரகம்னு கேட்டு வாங்குங்க. 5052 நல்லா வளையும். கடையில சும்மா "ஹார்டு அலுமினியம்"னு குடுக்குறது பெரும்பாலும் 6061 இல்லன்னா 6082 ரகம், டெம்பர் ஏத்தினது (சூடு பண்ணிக் கடினமாக்கினது). அதைக் கூர்மையா மடிச்சா மடிப்போட வெளிப்பக்கம் மெல்லிசா வெடிப்பு விடும். வாங்கும்போது கண்ணுக்குத் தெரியாது, சில மாசம் ஆட்டத்துல அங்கதான் உடையும். எந்தத் தகடா இருந்தாலும் மடிப்போட உள் வளைவு தகட்டுக் கனத்துக்குக் குறையக்கூடாது.

வெறும் பட்டையா மடிச்சுத் தொங்க விடாதீங்க. ரெண்டு ஓரத்துலயும் 12 முதல் 15 எம்எம் வரை உதடு மடக்குங்க, தகடு ஆடுறது அதுலதான் நிக்கும். மொத்த ஆட்டமும் சேசிஸ் போல்ட்டுக்கு அடுத்த முதல் மடிப்புல வந்து விழும், அதனால அந்த மடிப்புல இருந்து 15 எம்எம் தூரத்துக்குள்ள ஓட்டை எதுவும் வரக்கூடாது. முதல்ல அட்டையில வெட்டி வண்டியில வெச்சுப் பாருங்க. சரியா வந்த பிறகு அட்டையை எடுத்துக்கிட்டு அம்பத்தூர் எஸ்டேட் பக்கம் லேசர் கட்டிங்குக்குப் போங்க. மடிக்கிறதையும் அங்கயே பிரஸ் பிரேக்ல (தகடு மடிக்கிற மெஷின்) முடிச்சு வாங்கிட்டா நல்லது. வைஸ்ல வெச்சுச் சுத்தியால தட்டினா ரெண்டு பக்கமும் ஒரே கோணம் வராது, பிளேட் சாஞ்சு நிக்கும்.

பிளேட்டுக்குப் பின்னாடி முழு அகலத்துக்கும் தகடு தாங்கல் வேணும். பிளேட் வெறும் ரெண்டு போல்ட்ல தொங்கினா அந்த ஓட்டையைச் சுத்தித்தான் கிழியும்.

போல்ட் எல்லாம் எம்6, நைலாக் நட்டு (உள்ள நைலான் வளையம் இருக்குறது, ஆட்டத்துல தளராது), 10 நியூட்டன் மீட்டருக்கு மேல போகாதீங்க. மட்கார்டைக் கழட்டும்போது ஓட்டைக்குள்ள சின்ன இரும்பு காலர் வரும், தூக்கிப் போட்டுடாதீங்க. பிளாஸ்டிக் கனம் போனதால பழைய போல்ட் இப்ப அதிக ஆழம் இறங்கி அடியில முட்டும், கைக்கு இறுகின மாதிரி தெரியும், ஆனா தகட்டைப் பிடிச்சிருக்காது. ஒண்ணு காலரும் வாஷரும் வெச்சுக் கனத்தைச் சரி பண்ணுங்க, இல்ல குட்டை போல்ட் வாங்குங்க. பாரிமுனை நட்டு போல்ட் கடைகள்ல எல்லா நீளமும் கிடைக்கும்.

---

ராயபுரம்_ரிலே

வயரிங் பக்கம் நான் சொல்றேன். எல்ஈடி டெயில் லைட் வாங்குறதுக்கு முன்னாடியே ஒண்ணு செக் பண்ணணும். உங்க டெயில் லைட் ஓடுறது டிசியிலயா ஏசியிலயா?

அந்தக் காலத்து கம்யூட்டர் வண்டி பலதுல ஹெட்லைட்டுக்கும் டெயில் லைட்டுக்கும் கரண்ட் பேட்டரியில இருந்து வராது, நேரா மேக்னட் காயில்ல இருந்து ஏசியா வரும். பிரேக் லைட், ஹார்ன், இண்டிகேட்டர் மட்டும் பேட்டரி. பல்புக்கு ஏசியும் ஒண்ணுதான் டிசியும் ஒண்ணுதான். எல்ஈடி அப்படி இல்ல, ஐட்லிங்ல மினுக்கும், கொஞ்ச நாள்ல வரிசை வரிசையா அணையும். லைட்டு டூப்ளிகேட்டுன்னு கடைக்காரரோட சண்டை போட்டுப் பிரயோஜனம் இல்ல.

சோதனை சுலபம். இன்ஜின் ஆஃப், சாவி ஆன், லைட் சுவிட்ச் ஆன். டெயில் லைட் எரிஞ்சா டிசி. எரியாம, இன்ஜின் ஸ்டார்ட் பண்ணின பிறகுதான் எரிஞ்சா அனேகமா ஏசி. மல்டிமீட்டரை ஏசி ரேஞ்சுல வெச்சு ஒரு தடவை உறுதி பண்ணிக்கங்க.

ஏசின்னா பழைய டெயில் வயரை இன்சுலேட் பண்ணி விட்டுட்டு, பின் பிரேக் சுவிட்சுக்கு வர்ற கருப்பு வயர்ல இருந்து எல்ஈடியோட டெயில் வயருக்கு ஃபீட் எடுங்க. ஹோண்டாவுல கருப்புன்னா சாவி போட்டதும் 12 வோல்ட் வர்ற வயர். நடுவுல 1 ஆம்பியர் இன்லைன் ஃபியூஸ் ஒண்ணு போடுங்க. எல்ஈடி டெயில் 3 வாட் வெச்சாலும் கால் ஆம்பியர்தான், பேட்டரிக்கு அது ஒரு சுமையே இல்ல. சாவி போட்டதும் டெயில் எரியும், லாரிக்கு முன்னாடி போற வண்டிக்கு அது நல்லதுதான்.

ஹோண்டா கலர் கோடு:
பச்சை – எர்த்
பழுப்பு – டெயில்
பச்சையில் மஞ்சள் கோடு – பிரேக்
இளநீலம் – வலது இண்டிகேட்டர்
ஆரஞ்சு – இடது இண்டிகேட்டர்

செகண்ட் ஹேண்ட் வண்டின்னா கலரை நம்பாதீங்க, முன்னாடி யார் கை வெச்சிருக்காங்களோ. மீட்டர் வெச்சுப் பார்த்துட்டு வெட்டுங்க. வெட்டுறதுன்னு வாய்க்கு வந்துடுச்சு, உண்மையில எதையும் வெட்டத் தேவையில்ல. வண்டியோட புல்லட் கனெக்டருக்குப் பொருந்துற மாதிரி புது லைட் வயர்ல புல்லட் பின் கிரிம்ப் பண்ணிட்டா, நாளைக்கு ஒரிஜினலைத் திருப்பி மாட்ட அஞ்சு நிமிஷ வேலை. பின், கவர், பசை உள்ள ஹீட் ஷ்ரிங்க் எல்லாம் ரிச்சி ஸ்ட்ரீட்டுல கிடைக்கும். வயர் 0.5 ஸ்கொயர் எம்எம் தாராளம். முறுக்கி டேப் சுத்துற வேலை நம்ம ஏரியா காத்துக்கு ஆகவே ஆகாது, ஒரு மழைக்காலம் தாண்டினா உள்ள செம்பு பச்சை பூத்திருக்கும்.

புது லைட்டோட மூணு வயர்ல எது எதுன்னு தெரியலன்னா 9 வோல்ட் பேட்டரி வெச்சுப் பாருங்க. மங்கலா எரியுறது டெயில், பளிச்சுன்னு எரியுறது பிரேக். எர்த்தைப் பிராக்கெட் போல்ட்ல கொடுக்காதீங்க. பெயின்ட் அடிச்ச தகடு, துரு ஏறுற போல்ட், அதை நம்பி எர்த் விட்டா பிரேக் பிடிக்கும்போது இண்டிகேட்டர் மங்கலா எரியுற வித்தையெல்லாம் வரும். பச்சை வயர்லயே முடிங்க.

இப்ப ஃப்ளாஷர். ஒரு பக்கத்துக்கு 10 வாட் ரெண்டு, 20 வாட். பின்னாடி எல்ஈடி 1.5 வாட் போட்டா மொத்தம் 11.5 வாட். ஒரு பல்பு ஃபியூஸ் போயிடுச்சுன்னு ஃப்ளாஷர் நினைச்சுக்கிட்டு வேகமா அடிக்கும். சட்டத்துல நிமிஷத்துக்கு 60ல இருந்து 120 தடவைக்குள்ளதான் மினுக்கணும், வேகமா அடிக்கும்போது இது தாண்டிடும். என் ஓட்டு எல்ஈடி ஃப்ளாஷருக்குத்தான், அதாவது லோடு எவ்வளவு இருந்தாலும் ஒரே வேகத்துல அடிக்கிற எலக்ட்ரானிக் ஃப்ளாஷர். முன்னாடி பல்பும் பின்னாடி எல்ஈடியும் கலந்து இருந்தாலும் வேலை செய்யும். ரெண்டு முனை (2-pin) ஃப்ளாஷர்னு விக்கிறதுல நிறைய மாடலுக்குத் தனியா ஒரு எர்த் வயர் நீட்டிக்கிட்டு இருக்கும், அதைக் கொடுக்கலன்னா மினுக்காது. பி, எல் மாத்திக் கொடுத்தாலும் மினுக்காது. பேட்டரி வர்றது பி, சுவிட்சுக்குப் போறது எல்.

---

மூலக்கடை_பிக்கப்

ரிலே அண்ணே, ரெசிஸ்டர் போட்டா என்ன தப்பு? ரெண்டு வயர் வேலை. ஃப்ளாஷர் எங்க இருக்குன்னு தேடி டேங்க் வரைக்கும் கழட்ட வேண்டியதில்ல.

---

ராயபுரம்_ரிலே

தப்புன்னு இல்ல தம்பி, சூடு. கடையில குடுக்குறது 10 ஓம். வண்டி ஓடும்போது 13.5 வோல்ட்னு வெச்சா எரியுற நேரத்துல 18 வாட் இழுக்கும். மினுக்குறதால பாதி நேரம்தான்னு பார்த்தாலும் சராசரி 9 வாட். மணலி சிக்னல்ல ரைட் இண்டிகேட்டர் போட்டு நின்னா ரெண்டு நிமிஷத்துல கை வைக்க முடியாது. அதை டேப் போட்டுப் பிளாஸ்டிக் மட்கார்டுலயோ வயர் கட்டுலயோ சேர்த்துக் கட்டித்தான் நிறைய வண்டியில உருகிக் கிடக்கு.

போட்டே ஆகணும்னா 15 ஓம், 25 வாட், அலுமினிய உடம்பு உள்ளது. அது 12 வாட்தான் இழுக்கும், உங்க பழைய 10 வாட் பல்புக்குப் பக்கத்துல வந்துடும். இண்டிகேட்டருக்கு இணையா மாட்டுங்க, தொடரா இல்ல. சேசிஸ் இரும்புல ரெண்டு ஸ்க்ரூ போட்டு இறுக்குங்க, பிளாஸ்டிக் கிட்டயே வரக்கூடாது. இண்டிகேட்டரைக் கன்ட்ரோல் யூனிட்டே மினுக்க வைக்கிற புது வண்டிகள் சிலதுல தனி ஃப்ளாஷரே இருக்காது, அங்க ரெசிஸ்டரை விட்டா வழியில்ல. உங்க வண்டிக்குத் தனி ஃப்ளாஷர் இருக்கும்போது ஏன் இந்தத் தொல்லை?

---

எண்ணூர்_உப்புக்காத்து

எஸ்எஸ் போல்ட் போட்டுட்டா துரு பிடிக்காதுன்னு நினைக்காதீங்க. கடலோரத்துல 304 கூட மேல பழுப்புப் புள்ளி விடும், அது வெறும் அழகுப் பிரச்சினை. நிஜமான பிரச்சினை எஸ்எஸ் போல்ட்டும் அலுமினியத் தகடும் உப்பு ஈரத்துல சேர்ந்து கிடக்குறது. போல்ட்டுக்கு ஒண்ணும் ஆகாது, அதைச் சுத்தி இருக்குற அலுமினியம் வெள்ளை மாவா உதிரும், ஓட்டை பெருசாகும், பிளேட் ஆட ஆரம்பிக்கும். போல்ட் தலைக்கு அடியில நைலான் வாஷர், போல்ட் உடம்புல கொஞ்சம் கிரீஸ், இது போதும். பவுடர் கோட் பண்றதுன்னா ஓட்டை எல்லாம் போட்ட பிறகு பண்ணுங்க. பின்னாடி டிரில் போட்டா அந்த விளிம்புல இருந்துதான் பெயின்ட் தோல் உரியும்.

கடலோரத்துல ஓடுற வண்டிக்கு என்னைக் கேட்டா ஸ்பேனர் சொன்ன 2 எம்எம் எஸ்எஸ்ஸே போதும், அலுமினியத்தைத் தேடிப் போக வேணாம். அரைக் கிலோ கூட வராத துண்டுல எடை கணக்கு பார்த்து என்ன ஆகப் போவுது.

தண்ணி: விலை கம்மி எல்ஈடி இண்டிகேட்டருக்குள்ள பனி மாதிரி படியும். அதைச் சுத்தி சிலிக்கான் பூசி மூடுறாங்க, உள்ள போன ஈரம் வெளிய வர வழியில்லாம போயிடும். மேல் பக்கமும் வயர் நுழையுற இடமும் மட்டும் சீல் பண்ணிட்டு, மாட்டின நிலையில எது அடிப்பக்கமோ அங்க 2 எம்எம் ஓட்டை ஒண்ணு போடுங்க. வயர் கனெக்டருக்குள்ள நுழையுறதுக்கு முன்னாடி கீழ இறங்கி மேல ஏறுற மாதிரி ஒரு வளைவு விடுங்க, வயர் வழியா வர்ற தண்ணி அந்த வளைவுலயே சொட்டிடும். தகட்டு ஓட்டை வழியா வயர் போகுதுன்னா ரப்பர் குரோமெட் (ஓட்டை ஓரத்தை மூடுற வளையம்) இல்லாம விடவே கூடாது.

கணேசபுரம் சுரங்கப்பாதை மாதிரி இடத்துல தண்ணியில இறக்குற வண்டின்னா கனெக்டர் எல்லாம் சீட்டுக்கு அடியில மேல இருக்கட்டும், மட்கார்டு ஓரத்துல தொங்கக்கூடாது.

வால் போயிட்டா மழையில பின்னாடி உட்கார்றவங்க முதுகுல கோடு விழும், பின்னாடி வர்ற வண்டிக்காரர் மூஞ்சியிலயும் அடிக்கும். எண்ணூர் ரோட்டுல அது வெறும் தண்ணி இல்ல, நிலக்கரித் தூள் கலந்த கருப்பு. பிளேட்டுக்குக் கீழே 3 எம்எம் ரப்பர் ஷீட்ல 100 எம்எம் நீளத்துக்கு ஒரு ஃப்ளாப் வெச்சா பாதி குறையும், தூரத்துல இருந்து பார்த்தா தெரியவும் தெரியாது. டயர்ல பட்டாலும் ரப்பர்தான். சக்கரத்தோடயே ஏறி இறங்குற சின்ன மட்கார்டு, அதாவது ஹக்கர் கிடைச்சா அதுதான் முழுத் தீர்வு, ஆனா 150 சிசிக்கு நல்ல ஹக்கர் கிடைக்கிறது கஷ்டம்.

---

மாதவரம்_ஆர்சி_புக்

சட்டம் கேட்டீங்கள்ல, எது எதுக்குக் கை காட்டுவாங்கன்னு சொல்றேன்.

மத்திய மோட்டார் வாகன விதிகள் 51படி உங்க வண்டிக்குப் பின் பிளேட்ல எழுத்து உயரம் 35 எம்எம், எண் உயரம் 40 எம்எம், ரெண்டுக்கும் கனம் 7, இடைவெளி 5. சின்ன பிராக்கெட்டுக்காகப் பிளேட்டைச் சின்னதாக்கினா இந்த அளவு வராது, முதல்ல மாட்டுறது அங்கதான். 200க்கு 100 எம்எம் பிளேட்டுக்குப் பிராக்கெட் பண்ணுங்க. வெளிநாட்டு யுனிவர்சல் கிட் பல அமெரிக்கப் பிளேட்டுக்குச் செஞ்சது, அது 7க்கு 4 அங்குலம், அதாவது 178 எம்எம் அகலம். நம்ம பிளேட் ரெண்டு பக்கமும் 11 எம்எம் வெளிய நீட்டும், ஓட்டையும் பொருந்தாது.

விதி 105: பதிவு எண் 15 மீட்டர் தூரத்துல இருந்து படிக்கிற மாதிரி வெள்ளை வெளிச்சம் விழணும். அதனால தனி லைட் வேணுமான்னா, பிளேட்ல வெளிச்சம் கட்டாயம், அது எங்க இருந்து வருதுங்கறது உங்க வசதி. ஒரிஜினல் டெயில் லைட்டோட அடியில நிறமில்லாத சின்ன ஜன்னல் இருக்கும், அது இதுக்குத்தான். அதே லைட்டை வெச்சுக்கிட்டு உள்ள சிவப்பு எல்ஈடி பல்பு போட்டா பிளேட் சிவப்பா தெரியும். சிவப்பு கண்ணாடிக்குச் சிவப்பு எல்ஈடிதான் நல்லா எரியும்னு கடையில சொல்றது நிஜம்தான், ஆனா பிளேட்டுக்குத் தனியா வெள்ளை லைட் வெச்சா மட்டும். வெள்ளை லைட்டோட முனை கீழ பார்க்கணும், பின்னாடி வர்றவர் கண்ணுல நேரா படக்கூடாது.

பிளேட்டை வானம் பார்க்க சாய்க்குற பழக்கம் வேண்டாம். ஐரோப்பிய விதியிலேயே மேல் பார்த்த சாய்வு 30 டிகிரிக்கு மேல கூடாது. கிட்டத்தட்ட நேரா நிக்கட்டும், கேமராவுக்கும் படும், புழுதியும் குறைவா படியும்.

பின்னாடி சிவப்பு ரிஃப்ளெக்டர் ஒண்ணு இருக்கணும். இது மட்கார்டோட சேர்ந்து போயிடும், யாருக்கும் ஞாபகம் வராது. பிளேட்டுக்குக் கீழேயே வெச்சுடலாம்.

இண்டிகேட்டர் ஆம்பர் நிறம்தான். ரெண்டையும் டெயில் லைட்டுக்கு ஒட்டி வெச்சா பிரேக் வெளிச்சத்துல முங்கிடும். மோட்டார் சைக்கிள் விளக்குக்கான ஐநா விதி 53ல பின் இண்டிகேட்டர் ரெண்டுக்கும் உள் ஓரத்துல இருந்து உள் ஓரம் 180 எம்எம் இருக்கணும்னு இருக்கு. பிளேட் 200 எம்எம் அகலம்ங்கறதால அதோட ரெண்டு ஓரத்துக்கும் வெளிய வெச்சாலே கணக்கு சரியாயிடும். டெயில், பிரேக், இண்டிகேட்டர் மூணும் ஒரே லென்ஸுக்குள்ள வர்ற லைட் பார்க்க நல்லா இருக்கும், பகல் வெயில்ல எது திரும்புது எது நிக்குதுன்னு லாரி டிரைவருக்குத் தெரியாது. எண்ணூர் ரோட்டுக்கு அது வேண்டாம். ஸ்மோக் லென்ஸும் அதே கதை.

சாரி கார்டைக் கழட்டாதீங்க. விதி 123ல பின் சக்கரத்துல பாதிக்குக் குறையாம மறைப்பு இருக்கணும்னு இருக்கு, பிடிமானமும் ஃபுட் ரெஸ்ட்டும் அதே விதியிலதான் வருது.

அபராதம்: அனுமதி இல்லாத மாற்றத்துக்கு மோட்டார் வாகனச் சட்டம் 182ஏ(4)ல மாற்றம் ஒவ்வொண்ணுக்கும் 5,000 ரூபாய், இல்ல ஆறு மாசம் வரை சிறை, இல்ல ரெண்டும். 2019 திருத்தத்துல வந்தது. வெளிச்சம், எழுத்து அளவு, ரிஃப்ளெக்டர், நிறம் எல்லாம் சரியா இருந்தா பேச உங்க பக்கம் விஷயம் இருக்கும். அதுக்கு மேல நிறுத்துற அதிகாரியைப் பொறுத்தது.

இன்னொண்ணு, 2015 வண்டின்னா 15 வருஷப் பதிவு 2030ல முடியும். புதுப்பிக்க வண்டியைக் காட்டும்போது ஒரிஜினல் செட்டப் மாட்டிக்கிட்டுப் போறது நிம்மதி. ஸ்பேனர் சொன்ன மாதிரி பழைய மட்கார்டை எடைக்குப் போட்டுடாதீங்க.

---

கொருக்குப்பேட்டை_கிளட்ச்

இடையில புகுந்துக்குறேன். என்னுது 2021 வண்டி, ஹெச்எஸ்ஆர்பி (உயர் பாதுகாப்பு நம்பர் பிளேட்). லாக் போட்டு அடிச்சிருக்கே, அதைக் கழட்டாம டெயில் டைடி மாட்ட முடியுமா?

---

மாதவரம்_ஆர்சி_புக்

2019 ஏப்ரல் 1க்குப் பிறகு வந்த எல்லா வண்டிக்கும் அதுதான். லாக்கை டிரில் போட்டு எடுத்தா திரும்பப் பயன்படாது, சாதா போல்ட் போட்டு மாட்டினா விதிப்படி பிளேட்டே செல்லாது. லாக்கைத் தொடாதீங்க. பிளேட் எதுல லாக் ஆகியிருக்குன்னு பின்பக்கம் பாருங்க. தனித் தாங்கு தகட்டுல லாக் ஆகி, அந்தத் தகடு எம்6 போல்ட்ல மட்கார்டுல மாட்டியிருந்தா பிரச்சினையே இல்ல. பிளேட்டும் தகடுமா சேர்த்துக் கழட்டி அப்படியே புது பிராக்கெட்ல ஏத்துங்க, பிராக்கெட் ஓட்டையை மட்டும் அந்தத் தகட்டுக்கு ஏத்த மாதிரி போடுங்க. நேரா பிளாஸ்டிக் மட்கார்டுலயே லாக் அடிச்சிருந்தா ரெண்டு வழி. பிளேட் இருக்குற பிளாஸ்டிக் பகுதியை மட்டும் வெட்டி எடுத்துத் தகட்டுல ஏத்தலாம், கனம் 3 எம்எம் கூடும், அவ்வளவுதான். இல்லன்னா மாற்றுப் பிளேட்டுக்கு முறையா பதிவு பண்ணி, புது பிராக்கெட்லயே லாக் அடிச்சு வாங்குங்க.

---

தண்டையார்பேட்டை_150

எல்லாருக்கும் நன்றி. பார்த்தாச்சு: சாவி ஆன், லைட் சுவிட்ச் ஆன், இன்ஜின் ஆஃப், டெயில் எரியல. ஸ்டார்ட் பண்ணினா எரியுது. அப்ப ஏசிதான் போல. மட்கார்டு ரெண்டு துண்டு, வால் தனியா வருது. ஷாக் முழுசா இறங்கின நிலையில அட்டைக்கும் டயருக்கும் 20 எம்எம்தான் வருது. மீட்டர்ல இடது வலதுக்குச் சேர்த்து ஒரே பச்சை விளக்கு, அதனால எதுவும் பிரச்சினை வருமா? பின்னால முன் இண்டிகேட்டரையும் எல்ஈடி ஆக்கலாம்னு இருக்கேன்.

---

ஸ்பேனர்_பத்து

20 பத்தாது. அட்டையில கிடை மட்டமா வர்ற பகுதியை மேல ஏத்த இடம் இருக்கான்னு பாருங்க, பெரும்பாலும் டெயில் லைட் அடியில 10 எம்எம் கிடைக்கும். இல்லன்னா டயருக்கு நேர் மேல வர்ற இடத்துல நட்டு கீழ் பக்கம் வராம, போல்ட்டைக் கீழ இருந்து மேல விட்டு நட்டை மேல் பக்கம் வைங்க. எம்6 நைலாக்கும் போல்ட் முனையும் சேர்ந்து எப்படியும் 8 எம்எம் தின்னும். பட்டன் தலை போல்ட்னா கீழ நீட்டுறது 3 எம்எம் சொச்சம்தான். வயரைத் தகட்டுக்கு மேல் பக்கமா கொண்டு போங்க, அடியில வேண்டவே வேண்டாம்.

---

ராயபுரம்_ரிலே

ஏசிதான், சந்தேகமில்ல. கருப்பு வயர் ஃபீட் எடுங்க, பழுப்பை மூடி விடுங்க. ஆனா மீட்டர் லைட்டும் அதே பழுப்புல இருக்கலாம், அதனால டெயில் பக்கம் முனையை மட்டும் இன்சுலேட் பண்ணுங்க, நடுவுல எங்கயும் வெட்டாதீங்க.

ஒரே பச்சை விளக்கு: அந்த விளக்கு இடது வயருக்கும் வலது வயருக்கும் குறுக்கே மாட்டியிருக்கும். இடது போட்டா கரண்ட் பச்சை விளக்கு வழியா வலது பல்புக்குள்ள போய் எர்த் ஆகும். 10 வாட் பல்புக்கு அந்தச் சின்ன கரண்ட் பத்தாது, எரியாது. நாலும் எல்ஈடி ஆயிட்டா அந்தச் சின்ன கரண்ட்லயே எதிர்ப்பக்கமும் எரியும், ஒரு பக்கம் போட்டா நாலும் மினுக்கும். பின்னாடி மட்டும் மாத்துற வரைக்கும் முன் பல்பு கரண்ட்டைத் தன் பக்கம் இழுத்துக்கும், பிரச்சினை வராது.

முன்னாடியும் மாத்துற அன்னைக்கு 1என்4007 டையோடு ரெண்டு வாங்கிக்கங்க. பச்சை விளக்கோட ரெண்டு வயரையும் ஹோல்டர் பக்கத்துல பிரிச்சு, இளநீலத்துக்கு ஒரு டையோடு, ஆரஞ்சுக்கு ஒரு டையோடு. வெள்ளிக் கோடு இருக்குற முனை ரெண்டையும் ஒண்ணா சேர்த்து விளக்கோட ஒரு வயருக்குக் கொடுங்க. விளக்கோட இன்னொரு வயரைப் பச்சை எர்த்துக்குக் கொண்டு போங்க. டையோடு மேல ஹீட் ஷ்ரிங்க் போட மறக்காதீங்க, ஹெட்லைட் டூமுக்குள்ள இரும்பு ஓரம் நிறைய. அதுக்கு மேலயும் நாலும் மினுக்கினா ஒரு டையோடைத் திருப்பிப் போட்டிருப்பீங்க, வெள்ளிக் கோடு எந்தப் பக்கம்னு பாருங்க.